மேலே போயிடலாம், மேடம்

ஜூன் 2

அண்ணா,

நான்கு நாளாக நீ அழைப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எடுக்கவில்லை. போனில் பேசினால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் விமானப்படை மெஸ்ஸில் நாற்பது பேர் உட்கார்ந்து அந்த டிவி நிகழ்ச்சியைப் பார்த்தோம். ‘வானத்தில் வனிதையர்’ என்று தலைப்பு வந்தபோதே நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

நெறியாளரும் கேமராக்காரர்களும் என் விமானத்தில் ஏறிய அன்று, இறங்கும் நேரத்தில் காற்று திடீரென்று குறுக்கே திரும்பிவிட்டது. ஓடுபாதை கண்ணெதிரே இருந்தது. இறக்கியிருக்கலாம். ஆனால் துளி சந்தேகம் வந்தாலும் மறுபடி மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றிவந்து இறங்க வேண்டும். எங்களுக்கு முதல் பாடமே அதுதான். மேலே போனேன். ஒன்பது நிமிடம் கழித்து ஒரு குலுக்கல்கூட இல்லாமல் இறங்கினேன்.

அந்த ஒன்பது நிமிடத்துக்கும் கோமாளி இசை போட்டிருந்தார்கள். நெறியாளர் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்து, “கடைசி நிமிஷத்துல மனசு மாறுறது துணிக்கடையில மட்டும்தான்னு நெனச்சேன்!” என்றார். மெஸ்ஸே சிரித்தது. சரி, அவர் வாய், அவர் பிழைப்பு என்று நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நீ வந்தாய். உன் டிரைவிங் ஸ்கூல் வாசலில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. “ஆகாயத்துல ரிவர்ஸ் எடுக்க வேண்டாம், பார்க்கிங் பண்ண வேண்டாம். அதான் பொம்பளைங்களுக்கு அது சரிப்பட்டு வருது!” என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாய்.

“மேடத்தோட சொந்த அண்ணனே சொல்லிட்டாரு” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம்.

தங்கை


ஜூன் 7

வாண்டு,

அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. வேறெதுவும் எழுதாதே என்று நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேனா?

அந்த ஆட்கள் இரண்டு மணி நேரம் என்னை வெயிலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். நீ ராத்திரி பகலாகப் படித்ததைச் சொன்னேன். முதல் தடவை உடல் தகுதித் தேர்வில் திருப்பி அனுப்பியபோது நீ மூன்று நாள் பேசாமல் இருந்ததைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கடைசியில் “ஒரு ஜாலியான விஷயம் சொல்லுங்க சார்” என்றார்கள். சொன்னேன். அந்தப் பதினோரு விநாடியை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டார்கள். அதற்கு என்னை ஏன் காய்கிறாய்?

அது பத்தொன்பது வருஷமாக நான் சொல்லும் ஜோக். ஒவ்வொரு புது பேட்ச்சுக்கும் முதல் நாள் சொல்வேன். பயந்து வருகிறவர்கள் கொஞ்சம் இலகுவாவார்கள். பெண்கள்தான் அதிகம் சிரிப்பார்கள். நம் மிஸ்ஸைக் கேட்டுப் பார். எட்டு வருஷமாக எனக்குச் சமமாக வண்டி ஓட்டக் கற்றுத் தருகிற பெண்மணி, அவரே சிரிப்பார். (இரண்டு நாளாக அவர் வேலைக்கு வரவில்லை. காய்ச்சலாம்.)

அக்கம்பக்கத்தார் எல்லாரும் நம் வீட்டில்தான் நிகழ்ச்சியைப் பார்த்தார்கள். நீ சீருடையில் நடந்து வந்தபோது அம்மா எழுந்து போய் டிவியைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு சிரிப்புக்காக இப்படி வருந்துவது நியாயமா? படையில் இருப்பவளுக்கு இவ்வளவு தோல் மெலிசாக இருக்கலாமா?

அண்ணன்


ஜூன் 12

அண்ணா,

முந்தாநாள் காலையில் என் அலமாரிக் கதவில் சிவப்பு எழுத்தில் ‘L’ என்று ஒரு அட்டை ஒட்டியிருந்தது. உன் வண்டிகளில் மாட்டுவாயே, பழகுநர் அட்டை, அதுதான். வெட்டிய விளிம்பு பிசிறில்லாமல் இருந்தது. யாரோ மெனக்கெட்டுச் செய்திருக்கிறார்கள்.

கிழித்துப் போட்டேன். அடுத்த நாள் விமானி இருக்கையின் முதுகில் இன்னொன்று. துணை விமானி எனக்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டு, அவசரமாக எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

தோல் மெலிசு என்று எழுதியிருந்தாய். உன் கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். பதில் எழுதாதே. இந்தத் தடவை நிஜமாகவே சொல்கிறேன்.


ஜூன் 21

வாண்டு,

நீ எப்படி இருக்கிறாய்? உன் கையால் எனக்கு இரண்டு வரி வேண்டும்.

நேற்று மதியம் நான் ஒருவருக்கு மேட்டில் கிளட்ச் பிடிக்கச் சொல்லித் தந்துகொண்டிருந்தேன். அம்மா போன் செய்தாள். பேச்சே வரவில்லை, “டிவி, டிவி” என்றாள். பக்கத்தில் இருந்த கடைக்குள் ஓடினேன். மழையில் ஒரு விமானம் மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டு நிற்கிறது. கீழே ‘பெண் விமானி’ என்று ஓடுகிறது. படைத்தளத்துக்கு நாற்பது தடவை அழைத்திருப்பேன். சாயங்காலம்தான் ஒரு அதிகாரி எடுத்து, “மேடம் நல்லா இருக்காங்க. விசாரணை முடியுற வரைக்கும் போன் கிடையாது. லெட்டர் போடுங்க” என்றார்.

அதற்குள் அந்தச் சேனல் தொடங்கிவிட்டது. ஒரு பக்கம் உன் விமானம், இன்னொரு பக்கம் நான். நான் சிரிக்கிறேன், விமானம் சேற்றில் கிடக்கிறது. மறுபடி சிரிக்கிறேன். “பார்க்கிங் வராதுன்னு அண்ணனே அன்னைக்குச் சொன்னாரே!” என்கிறார் நெறியாளர். ஒரு மணி நேரத்தில் பதினாறு தடவை. அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிரேக் பிடிக்கவில்லையா? மழைதானே காரணம்? உன் மேல் தப்பு இருக்காது என்று எனக்குத் தெரியும். அதை ஊரறியச் சொல்ல நான் தயார். ஒரு வார்த்தை எழுது, போதும்.

அண்ணன்


ஜூலை 1

அண்ணா,

எனக்கு அடியில்லை. விமானத்தில் இருபத்தாறு பேர் இருந்தோம். ஒருவருக்குத்தான் பலத்த காயம். சரக்குக்குப் பொறுப்பானவர், தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். “அடுத்த தடவை மேலே போங்க மேடம். நான் கை தட்டுறேன். இப்போதைக்கு ஒரு கைதான் இருக்கு” என்றார். அவர் சிரித்தார். நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிரேக் சரியாகத்தான் இருந்தது. மழை காரணமில்லை. தப்பு என்னுடையது.

ஓடுபாதையின் தொடக்கத்தில் சக்கரம் தரையைத் தொட வேண்டும். அன்று மழையில் கொஞ்சம் உயரமாகவே வந்துவிட்டேன். பாதி ஓடுபாதை அடியில் போய்க்கொண்டிருந்தது. துணை விமானி, “மேலே போயிடலாம், மேடம்” என்றார். எனக்கும் தெரியும். கை அதற்காக நகரவும் செய்தது. அந்த நேரத்தில் காதுக்குள் கேட்டது என்ன தெரியுமா? கோமாளி இசை. அதற்குப் பின்னால் உன் சிரிப்பு. நிகழ்ச்சி வந்து மூன்று வாரத்தில் மறுபடியும் மேலே போனால் மெஸ்ஸில் என்ன நடக்கும் என்று ஒரு நொடி யோசித்தேன். “இல்ல, இறக்கிடலாம்” என்றேன். இறக்கினேன். ஈரத்தில் விமானம் நிற்கவில்லை. ஓடுபாதை முடிந்து சேற்றில் இறங்கி முன்சக்கரத்தின் கால் ஒடிந்தது.

நாங்கள் பேசியது முழுக்கப் பதிவாகியிருக்கிறது. பதினோராம் தேதி விசாரணை. ஏன் மேலே போகவில்லை என்று கேட்பார்கள். என்ன சொல்வது? கேலிக்குப் பயந்தேன் என்றால், ஒரு ஜோக்குக்கே கலங்குகிறவளிடம் விமானத்தைக் கொடுக்கலாமா என்பார்கள். எனக்குப் பின்னால் பயிற்சியில் ஏழு பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் தலையிலும் அதையே கட்டுவார்கள். சொல்லாவிட்டால், தூரத்தைத் தவறாகக் கணித்துவிட்டேன் என்று பொய் சொல்ல வேண்டும். கணிப்பில் நான் தவறவே இல்லை.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கையை நிறுத்தியது நான்தான். ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யோசித்தால் உன் முகம்தான் வந்தது. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

தங்கை


ஜூலை 6

வாண்டு,

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தேன். படித்துவிட்டு வண்டியை எடுக்கவே முடியவில்லை.

கெஞ்சிக் கேட்கிறேன், அவர்களிடம் அதைச் சொல்லாதே. தூரம் தப்பாகத் தெரிந்தது என்று சொல். மழையில் யாருக்கும் நடப்பதுதான். நீ ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் போதும், இந்தச் சேனல்காரர்கள் உன்னை ஆயுள் முழுக்க விடமாட்டார்கள். நான் பார்த்துவிட்டேன், அவர்கள் எப்படி வெட்டுவார்கள் என்று. இல்லையென்றால் அந்தத் துணை விமானி சொன்னது காதில் விழவில்லை என்று சொல். உன் வேலை பிழைக்கட்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

இன்னொன்று. மிஸ்ஸுக்குக் காய்ச்சல் இல்லை. ஒரு மாதமாகியும் வரவில்லையே என்று நேற்று அவர் வீட்டுக்கே போனேன். வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார்.

“அந்த ஜோக்குக்கு நீங்களும் சிரிப்பீங்களேம்மா?” என்றேன்.

“முதலாளி சொன்னா சிரிக்கணும்ல சார்” என்றார். “எட்டு வருஷம் சிரிச்சேன். முதல் நாள் நீங்க அதைச் சொல்லிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாலே அந்தப் பொண்ணுங்களுக்குக் கை நடுங்கும். அதைச் சரிபண்ண எனக்கு ஒரு வாரம் ஆகும். ஒவ்வொரு பேட்ச்சுக்கும்.”

“திரும்பி வாங்கம்மா” என்றேன். “யோசிக்கிறேன்” என்று கதவைச் சாத்திவிட்டார்.

பத்தொன்பது வருஷம், வாண்டு. எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

மன்னித்துவிடு என்று நான்கு தடவை எழுதி அடித்துவிட்டேன். எந்த முகத்தோடு எழுதுவது? என்னை மன்னிப்பாயா, மாட்டாயா என்பது பிறகு இருக்கட்டும். முதலில் உன்னைக் காப்பாற்றிக்கொள்.

அண்ணன்


ஜூலை 13

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

நீளமான மேசை. ஐந்து பேர். அவர்களுக்கு எதிரே நானும் துணை விமானியும். பதிவை ஒலிக்கவிட்டார்கள். “மேலே போயிடலாம், மேடம்.” பிறகு என் குரல். என் குரல் அவ்வளவு எரிச்சலாக இருந்ததை நான் அந்த அறையில்தான் கேட்டேன். பிறகு அந்தச் சத்தம். ஒருவர் நிறுத்தினார்.

தலைவர் கேட்டார்: “உயரம் அதிகம்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது சார்.”

“அவர் சொன்னது கேட்டுச்சா?”

நீ எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானியைப் பார்த்தேன். இருபத்தெட்டு வயது. உதடு காய்ந்துபோயிருந்தது. காதில் விழவில்லை என்று நான் சொன்னால், சத்தமாகச் சொல்லாதது அவர் குற்றமாகிவிடும்.

“கேட்டுச்சு சார்.”

“அப்புறம் ஏன்?”

“முன்னாடி ஒரு தடவை மேலே போனப்ப டிவியில சிரிச்சாங்க. இங்கயும் சிரிச்சாங்க. மறுபடி சிரிப்பாங்களேன்னு நெனச்சேன்.”

ஓர் உறுப்பினர் பேனாவை மேசையில் போட்டார். “அப்போ டிவி காமெடிக்குப் பயந்து இருபத்தஞ்சு பேர் உயிரைப் பணயம் வச்சீங்க?”

“ஆமா சார்” என்றேன். வேறென்ன சொல்வது? அதுதான் நடந்தது.

“இதுக்குத்தான் இவங்களை எடுக்க வேண்டாம்னு நான் அப்பவே...” என்று அவர் தொடங்கினார். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். துணை விமானி பக்கம் திரும்பினார்.

“நீங்க ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கீங்க. விதிப்படி, கேட்கலைன்னா மறுபடி சத்தமா சொல்லணும். ஏன் சொல்லலை?”

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“லேடி கேப்டனே தைரியமா இறக்குறாங்க, நான் பயந்தாங்கொள்ளி மாதிரி ரெண்டாவது தடவை சொன்னா... வெளிய தெரிஞ்சா என்னைக் கிழிச்சிடுவாங்க சார். அதான் வாயை மூடிக்கிட்டேன்.”

பேனாவைப் போட்டவர் அதை மறுபடி எடுக்கவில்லை. என்னைக் கேட்டது போல அவரை யாரும் கேட்கவும் இல்லை, ஆண்களை ஏன் எடுத்தோம் என்று.

வெளியே வராந்தாவில் அவர் என் பக்கம் வந்தார். “உங்களை மாட்டிவிட்டுட்டேனா மேடம்?” என்றார். “இல்ல, காப்பாத்தினீங்க” என்றேன். நிஜமாகவே அப்படியா என்று எனக்குத் தெரியவில்லை. முடிவு வர ஒரு மாதமாகுமாம்.

தங்கை


ஜூலை 29

வாண்டு,

யார் கசியவிட்டார்களோ தெரியவில்லை. முந்தாநாள் காலையிலேயே டிவியில் வந்துவிட்டது. ‘கேலி செய்ததால் கலங்கினேன்: பெண் விமானி வாக்குமூலம்.’ துணை விமானி சொன்னதைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. நீ பயந்தபடியே நடக்கிறது. நாலு பேர் உட்கார்ந்து பெண்களின் மனநிலை பற்றிப் பேசுகிறார்கள். நாலு பேரும் ஆண்கள். அதில் ஒருவருக்கு விமானத்தில் ஏறினாலே வாந்தி வருமாம். அவரே சொல்லிச் சிரித்தார்.

நண்பகலில் ஸ்கூல் வாசலில் அவர்கள் வேன் நின்றது. அதே நெறியாளர். மிஸ் போன வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். முதல் நாள் வகுப்பை இனி அவர்தான் எடுப்பார், நான் அந்தப் பக்கமே வரக் கூடாது என்பது ஒப்பந்தம். அவர் உள்ளே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

“தங்கையை நெனச்சு வருத்தமா இருக்கா சார்?” என்று நெறியாளர் மைக்கை நீட்டினார்.

“என் தங்கையை நெனச்சு எனக்கு என்ன வருத்தம்? நான் சொன்னதை நெனச்சுத்தான் வருத்தம். அன்னைக்கு உங்க முன்னாடி உளறினேன். அது தப்பு. அதை நீங்க நூறு தடவை போட்டீங்க. இதையும் நூறு தடவை போடுங்க” என்றேன்.

“அது வெறும் ஜோக்தானே சார்?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். அதைக் கேட்டுட்டு ஸ்டியரிங் பிடிக்கிறவங்களுக்குத்தான் அது என்னன்னு தெரியும். மேலே போன ஒன்பது நிமிஷத்துல உங்களுக்கு உயிர் பொழச்சுதே, அதுக்கு ஒரு நன்றி சொன்னீங்களா?”

பன்னிரண்டு நிமிடம் பேசினேன். இவ்வளவு நீளமாக நான் வாழ்க்கையில் பேசியதில்லை. சாயங்காலம் அம்மா பிளக்கை மாட்டினாள். என்ன போட்டார்கள் தெரியுமா? நான் கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிற மூன்று விநாடி. கீழே, ‘கண்ணீர் விட்ட அண்ணன்.’ அது வியர்வை, வாண்டு! உச்சி வெயில்!

அம்மா டிவியை அணைத்தாள். பிறகு, “என்ன பேசினே?” என்று கேட்டாள். எல்லாவற்றையும் அவளுக்கு முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு, “அவளுக்கு எழுது” என்றாள். ஒரு மாதத்துக்கும் மேலே ஆன பிறகு என்னிடம் அவள் முகம் பார்த்துப் பேசியது அதுதான்.

ஊருக்குத் தெரியவில்லை. உனக்காவது தெரியட்டும். என்னை மன்னிப்பாயா?

அண்ணன்


ஆகஸ்ட் 19

அண்ணா,

முடிவு வந்துவிட்டது. ஆறு மாதம் தலைமை விமானியாக நான் பறக்க முடியாது. துணை விமானி இருக்கைதான். அதற்குப் பிறகு மறுபடி தேர்வு. என் தப்புக்கு அது சரியான தண்டனை என்றே நினைக்கிறேன். துணை விமானிக்கு எச்சரிக்கை.

அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. இனி விமானத்தில் இருக்கும் யார் “மேலே போகலாம்” என்று சொன்னாலும், தலைமை விமானி காரணம் கேட்காமல் போக வேண்டும். இறங்கிய பிறகும் அதைப் பற்றி யாரும் கிண்டலாகப் பேசக் கூடாது. பேசினால் நடவடிக்கை. உத்தரவை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்று, எங்கள் தளத்திலேயே மூத்த விமானி ஒருவர் என்னிடம் வந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரும் அதே ஓடுபாதையில் நீளமாக இறங்கி டயரை வெடிக்கவைத்தவர். “அன்னைக்கு நானும் மேலே போயிருக்கணும். கூட இருந்தவன் சிரிப்பான்னு போகலை. அறிக்கையில மழைன்னு எழுதிட்டேன்” என்றார். “யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

நேற்று முதல் தடவையாகத் துணை இருக்கையில் பறந்தேன். தலைமை விமானி யார் தெரியுமா? அந்த ‘L’ அட்டையை வெட்டியவர். இவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். போகும் வழியெல்லாம் வேலைக்குத் தேவையான வார்த்தைகள் மட்டும்தான். இறங்கும்போது தரையை ஒட்டிப் பனி மூட்டம். அவர் நேராகத்தான் வந்துகொண்டிருந்தார். ஆனால் ஓடுபாதையின் விளக்கு வரிசை ஒரு கணம் எனக்கு முழுசாக மறைந்துவிட்டது.

அண்ணா, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு விநாடி மறுபடியும் யோசித்தேன். சொன்னால் இந்த மனிதர் என்ன நினைப்பார் என்று.

“மேலே போயிடலாம், சார்” என்றேன். சத்தமாக.

அவர் தாடை இறுகியது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விசை நெம்புகோலை முன்னால் தள்ளினார். மேலே போனோம். இறங்கியதும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, குறிப்பேட்டில் ‘மேலே சென்றோம், துணை விமானி கோரியதால்’ என்று எழுதினார். பிறகு அதை அடித்துவிட்டு, ‘பனி மூட்டத்தால்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது எனக்காகவா, தனக்காகவா என்று தெரியவில்லை.

மன்னிப்பாயா என்று கேட்டிருந்தாய். இன்னும் இல்லை. நீ அந்தச் சேனலிடம் பேசியதை உன் கடிதத்தில் படித்து அழுதேன், அது வேறு. ஆனால் உன் சிரிப்பு முழுசாகப் போகவில்லை. போகிறபோது போகட்டும். அதற்காக நீ தினம் ஒரு கடிதம் எழுத வேண்டியதில்லை.

இருபத்தைந்தாம் தேதி பத்து நாள் விடுப்பில் வருகிறேன். அம்மாவிடம் சொல். மிஸ்ஸையும் பார்க்க வேண்டும். உன்னிடம் பேச எனக்கு இன்னும் நிறைய இருக்கிறது. அதையெல்லாம் எழுத முடியாது. நேரில் வந்து கத்த வேண்டும்.

வீட்டில் இரு.

வாண்டு